ஆறு நாள் நூலகமும் அத்தையின் இரண்டு நிமிடமும்

இரண்டு நாள் விடுப்பு, வீணாய்ப் போன ஒரு மாலை, ஒரு பார்க்கிங் அபராதம். இத்தனையும் கொடுத்து நான் வாங்கி வந்தது வாரத்தில் ஒரே ஒரு நாள். எங்கள் பகுதிக் கிளை நூலகம் ஜூலையிலிருந்து நான்கு நாள்தான் திறந்திருக்கும் என்றார்கள். இப்போது ஐந்து நாள் திறக்கிறது. முன்பு ஆறு நாள். இது வெற்றியா தோல்வியா என்று எங்கள் வீட்டில் இன்னும் பேசித் தீரவில்லை. கலிஃபோர்னியாவில் கவுண்டியிடம், அதாவது நம்மூர் மாவட்ட நிர்வாகம் போன்ற அமைப்பிடம், எதையாவது கேட்கப் போகிறவர்கள், நான் முட்டிக்கொண்ட தூண்களிலேயே முட்டிக்கொள்ள வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏப்ரலில் நூலகக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதை முதலில் பார்த்தவர் அத்தை, என் மாமியார். வயது 71. காலையில் நடந்துபோய், ஆங்கிலம் பேசிப் பழகும் குழுவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, பேத்திக்குப் படப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு வருவார். கார் ஓட்டத் தெரியாது. அவர் தனியாகப் போய்த் திரும்பக்கூடிய ஒரே இடம் அந்த நூலகம்தான். "ஏம்மா, வாரத்தில் இரண்டு நாளை எடுக்கப் போகிறார்களாம். யாரிடம் போய்க் கேட்பது?" என்றார். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்த நாட்டில் இருக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

தெரிந்தது போல நகர மன்றக் கூட்டத்துக்குப் போனேன். முதல் வீண் பயணம் அது. மாலை ஆறரைக்குப் போய், எட்டேகால் வரை காத்திருந்து, மைக்கின் முன் நின்று வீட்டு முகவரியைச் சொன்னதும், நீங்கள் எங்கள் எல்லைக்குள் வரவில்லையே என்றார்கள். எங்கள் தபால் முகவரியில் அந்த நகரத்தின் பெயர்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் தெரு எந்த நகரத்திலும் சேராத பகுதி. எங்களுக்குக் காவல் ஷெரிஃப், சாலை கவுண்டி, நூலகம் கவுண்டி. தபால் முகவரியை நம்பாதீர்கள். கவுண்டி இணையதளத்தில் உங்கள் வீட்டு எண்ணைப் போட்டால், நீங்கள் எந்த சூப்பர்வைசரின் (கவுண்டியை ஆள மக்கள் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்) தொகுதி என்று காட்டிவிடும். முதல் வேலையாக அதைச் செய்திருந்தால் அந்த மாலை மிஞ்சியிருக்கும்.

இந்த மாநிலத்தில் 58 கவுண்டிகள். சான் ஃபிரான்சிஸ்கோவில் மட்டும் பதினொரு சூப்பர்வைசர்கள். மற்ற எல்லா இடங்களிலும் ஐந்து பேர். மூன்று பேர் கையைத் தூக்கினால் பெரும்பாலான முடிவுகள் முடிந்தன. சட்டமன்றம் போலக் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துப் போனால், ஒரு கல்யாணப் பந்தியின் பாதி வரிசைகூட இல்லை.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, விடுப்பு எடுத்துக்கொண்டு, எங்கள் கவுண்டியின் ஐந்து சூப்பர்வைசர்கள் கூடும் கூட்டத்துக்கு நாற்பது நிமிடம் காரோட்டிப் போனேன். நிகழ்ச்சி நிரலில் நூலகம் இல்லை. இல்லாதவற்றைப் பற்றியும் பொதுமக்கள் பேசலாம் என்று ஒரு நேரம் ஒதுக்கியிருந்தார்கள். மூன்று நிமிடம் பேசினேன், நன்றாகவே பேசினேன். ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. "நன்றி, அடுத்தவர்" என்றார் தலைவர். சுவரோடு பேசிவிட்டு வந்தது போல இருந்தது. பிறகுதான் தெரிந்தது, அது திமிர் இல்லை. இப்படிப்பட்ட உள்ளாட்சிக் கூட்டங்களை எப்படி நடத்த வேண்டும் என்று 1953இல் வந்த பிரவுன் சட்டப்படி, நிரலில் இல்லாத விஷயத்தைப் பற்றி அவர்கள் முடிவெடுக்கவோ விவாதிக்கவோ கூடாது. ஆகவே அந்த மௌனத்தைப் பார்த்து மனம் உடைய வேண்டாம். நான் கார் வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.

காரில் அபராதச் சீட்டு. இரண்டு மணி நேர இடத்தில் மூன்று மணி நேரம் நிறுத்தியிருந்தேன். கூட்டம் எப்போது முடியும் என்று அங்கே யாராலும் சொல்ல முடியாது; நாள் முழுக்க நிறுத்தும் இடமாகப் பார்த்து நிறுத்துங்கள், கொஞ்சம் நடந்தால் குறைந்துவிடாது.

அபராதத்தைவிட வலித்தது வேறு. அன்று கூட்டத்தில், விவாதமில்லாமல் மொத்தமாக நிறைவேற்றும் பட்டியல் ஒன்று வந்தது. நாற்பதுக்கும் மேற்பட்ட உருப்படிகள், ஒரே வாக்கெடுப்பு, பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வழக்கமான சில்லறைச் சமாச்சாரங்கள் என்று நானும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து படித்தால், அதில் ஒன்று காலியாக இருந்த பணியிடங்களை நீக்கும் தீர்மானம். அதற்குள்ளே நூலகத் துறையின் இரண்டு இடங்கள். "நூலகம்" என்ற சொல் தலைப்பில் இல்லை. இணைப்பின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. ஆளே இல்லாமல் ஆறு நாள் எப்படித் திறப்பது? நாங்கள் கேட்கப் போன ஆறாவது நாள், நான் அங்கே உட்கார்ந்திருக்கும்போதே, என் எதிரிலேயே போய்விட்டது.

வழக்கமான கூட்டத்தின் நிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட்டாக வேண்டும். வெள்ளி இரவே எடுத்து, இணைப்புகளோடு படியுங்கள். அந்த மொத்தப் பட்டியலில் உங்கள் விஷயம் இருந்தால், உங்கள் தொகுதி சூப்பர்வைசரின் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அவர் நினைத்தால் அந்த ஒன்றை மட்டும் வெளியே எடுத்துத் தனியாக விவாதிக்க வைக்கலாம்.

அந்த அலுவலகத்து உதவியாளர் நல்ல மனிதர், திங்கள் எழுதியதற்குப் புதனே அழைத்தார். அதுவரை நான் இரண்டு இரவுகள் பட்ஜெட் புத்தகத்தில் நீச்சலடித்துக்கொண்டிருந்தேன். அறுநூறு பக்கத்துக்கு மேல். பொது நிதியில் நூலகத்தைத் தேடித் தேடிக் கண் பூத்ததுதான் மிச்சம். "அங்கே இருக்காது. நூலகத்துக்குத் தனி நிதி, சொத்து வரியில் ஒரு பங்கு" என்றார் அவர். கோடிக்கணக்கான டாலர் புரளும் கவுண்டியில் ஒரு நூலகத்துக்குப் பணம் இல்லையா என்று கேட்டேன். பெரும்பகுதி மாநில அரசும் ஒன்றிய அரசும் இன்ன திட்டத்துக்கு என்று பெயர் எழுதி அனுப்பும் பணம்; மருத்துவ உதவிக்கு வந்ததை எடுத்துப் புத்தகத்துக்குச் செலவழிக்க முடியாது என்றார். சொத்து வரியும் 1978இல் மக்கள் வாக்களித்துக் கொண்டுவந்த 13ஆம் முன்மொழிவுக்குப் பிறகு கட்டிப்போட்ட மாடுதான்: அடிப்படை வரி, வீட்டின் மதிப்பில் ஒரு சதவீதம்; வீடு கைமாறாத வரை அந்த மதிப்பு ஆண்டுக்கு அதிகபட்சம் இரண்டு சதவீதம் ஏறலாம். சம்பளமும் ஓய்வூதியமும் அந்தக் கணக்குக்காகக் காத்திருப்பதில்லை.

அவர் சொன்ன இன்னொன்றுதான் உபயோகமானது. நிதி ஆண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. ஜூனில் நடக்கும் பட்ஜெட் விசாரணைக்கு வரும்போது பட்ஜெட் புத்தகம் அச்சாகியிருக்கும், பேரம் முக்கால்வாசி முடிந்திருக்கும். துறைகள் தங்கள் கணக்கைக் கொடுக்கும் குளிர்காலத்திலேயே வந்து கேட்க வேண்டும். "இப்போது கேட்பதென்றால், தொகையையும் அதை எங்கிருந்து எடுப்பது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்" என்றார். நூலக நிதியின் கையிருப்பில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, புத்தகத்திலேயே. ஐந்தாவது நாளுக்கு அது போதும். ஆறாவது நாளுக்கு ஆள் இல்லை.

ஜூன் விசாரணைக்கு அத்தையும் வந்தார். நான் வேண்டாம் என்றேன். "ஆகஸ்ட் 15 கிராம சபையில் தண்ணீர்க் குழாய்க்காக எழுந்து பேசியிருக்கிறேன். இங்கே மட்டும் என்ன?" என்றார். தமிழில் எழுதிக்கொண்டார், நான் மொழிபெயர்ப்பதாக ஏற்பாடு. மூன்று நிமிடம் என்று கணக்குப் போட்டிருந்தோம். அங்கே போனால் அறை நிரம்பி வழிகிறது: மனநல மருத்துவமனை ஊழியர்கள், தீயணைப்பு வீரர்கள், பூங்காக்காரர்கள். தலைவர் ஆளுக்கு ஒரு நிமிடம் என்று குறைத்துவிட்டார். அத்தை தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசிக்க வேண்டியதில் பாதியைப் பேனாவால் அடித்தார்.

பேசப் பெயர் கொடுக்கும் சீட்டுகளை வாங்கிக்கொண்டிருந்த எழுத்தரிடம் மொழிபெயர்ப்பு உண்டு என்று சொன்னேன். "எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம்" என்றார், நிமிர்ந்துகூடப் பார்க்காமல். அதாவது அத்தைக்கு முப்பது விநாடி, எனக்கு முப்பது விநாடி. நான் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன். எங்களுக்குப் பின்னால் வரிசையில் நின்ற முதியவர், கையில் ஒரு கத்தை கோப்பு, ஒரு கூட்டத்தையும் விடாதவர் போலிருக்கிறது, என் தோளைத் தொட்டார். பிரவுன் சட்டத்தில் 2016இல் ஒரு திருத்தம் சேர்ந்திருக்கிறது: மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுபவருக்குக் குறைந்தது இரு மடங்கு நேரம் தர வேண்டும். காதில் மாட்டி உடனுக்குடன் கேட்கும் கருவி வைத்திருந்தால்தான் விலக்கு. "கருவி இருக்கிறதா என்று கேள்" என்றார்.

கேட்டேன். எழுத்தர் தலைவரைப் பார்த்தார், தலைவர் கவுண்டி வழக்கறிஞரைப் பார்த்தார், வழக்கறிஞர் புத்தகத்தைப் புரட்டாமலே தலையசைத்தார். கடிகாரத்தில் 1:00 அழிந்து 2:00 வந்தது. இந்த மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த கலப்படமில்லாத மகிழ்ச்சி அதுதான்.

அத்தை அடித்த வரிகளையெல்லாம் திரும்ப வாசித்தார். தன் தனிமையைப் பற்றி ஒரு சொல் இல்லை. திங்கள் முதல் சனி வரை ஒவ்வொரு நாளும் நூலகத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று சொன்னார்: செவ்வாய் வேலைக்கு மனுப்போட வரும் இளைஞர்கள், வியாழன் வீட்டுப்பாடத்துக்கு வரும் பிள்ளைகள். "இதில் எந்த இரண்டு நாளை எடுப்பீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று முடித்தார். மொழிபெயர்த்தபோது என் குரல்தான் நடுங்கியது. நான் என் ஒரு நிமிடத்தில் கையிருப்புப் பக்கத்தின் எண்ணைச் சொன்னேன், தொகையைச் சொன்னேன், உட்கார்ந்துவிட்டேன்.

மாலை நான்கரைக்கு எங்கள் தொகுதி சூப்பர்வைசர் ஐந்தாவது நாளுக்குத் திருத்தம் கொண்டுவந்தார். மூன்றுக்கு இரண்டு என்று நிறைவேறியது. கையிருப்பிலிருந்து, இந்த ஓராண்டுக்கு மட்டும். ஆண்டின் நடுவே எதிர்பாராத வருவாயிலிருந்து சேர்க்க வேண்டுமென்றால் ஐந்தில் நான்கு பேர் வேண்டும், எங்களிடம் மூன்றுதான். அதனால் வரும் ஜூலையில் அந்த நாள் மறுபடியும் தொங்கலில்.

இப்போது வெள்ளிக்கிழமை நூலகம் பூட்டியிருக்கிறது. அன்று காலை அத்தை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஜனவரிக்கான கடிதத்தை எழுதுகிறார். நான்கு பக்கம் வந்துவிட்டது. இரண்டு நிமிடத்துக்குள் அடங்காது என்றால், மூன்று நிமிடம் கிடைத்தால் ஆறு ஆகுமே என்கிறார்.