இடது முன்சக்கரம் பிரேக்கை விடாதபோது

ஏற்காடு மலையிறங்கி வந்ததும் கார் இடது பக்கம் இழுக்க ஆரம்பித்தது. சமதரையில் ஆக்சிலரேட்டரை விட்டால் உருளாமல் சட்டென்று வேகம் குறைந்தது. கூடவே கருகல் வாடை. நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். (தொடவே கூடாது, வெந்துவிடும்.) இடது முன்சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தது. அந்தச் சூட்டில் தண்ணீர் ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள், டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு) விரிசல் விடலாம். நிழலில் நிறுத்தி ஆறவிட்டதும் சக்கரம் தானாகவே இளகியது. இது முக்கியமான தடயம்.

முதலில் போன பட்டறையில் சக்கரத்தைக் கழற்றாமலே, "கேலிபர் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்றார்கள். (பிரேக் மிதித்தால் டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்தான் கேலிபர்.) எனக்கு மனம் ஒப்பவில்லை. தெரிந்த மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன்.

அவர் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, "பெடலை நல்லா மிதிச்சு விடுங்க தம்பி" என்றார். விட்ட பிறகும் சக்கரம் கையால் சுற்ற வரவில்லை. அப்புறம் கேலிபரில் இருக்கும் பிளீடிங் நிப்பிளை (ஆயிலையும் காற்றையும் வெளியே எடுக்கும் சின்னத் திருகு) லேசாகத் தளர்த்தினார். பிரேக் ஆயில் பீய்ச்சியது, சக்கரம் உடனே சுற்றியது! அப்படியானால் கேலிபருக்குள் பிரேக் பேடைத் தள்ளும் பிஸ்டன் துருப்பிடித்து இறுகவில்லை, கேலிபர் நகர்ந்து கொடுக்க உதவும் ஸ்லைடு பின்னும் சிக்கவில்லை. அவை சிக்கியிருந்தால் நிப்பிளைத் திறந்தாலும் சக்கரம் விடாது. உள்ளே அழுத்தம்தான் திரும்பிப் போக வழியில்லாமல் நின்றிருக்கிறது.

எங்கே நிற்கிறது என்பது அடுத்த கேள்வி. நிப்பிளை மூடி, மறுபடி மிதித்துச் சக்கரத்தை இறுகவைத்தார். இந்த முறை கேலிபருக்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸுக்கு மேலே, இரும்புப் பைப் சேரும் நட்டைத் தளர்த்தினார். சக்கரம் அசையவே இல்லை. இங்கே தளர்த்தியதும் சக்கரம் சுற்றியிருந்தால், பெடலை மிதிக்கும்போது ஆயிலில் அழுத்தம் உண்டாக்கும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் சந்தேகம் போயிருக்கும். ஆக, ஹோஸ்தான் அடைப்பு.

கழற்றி நறுக்கிக் காட்டினார். வெளியே நன்றாகத்தான் இருந்தது. உள்ரப்பர் ஊதிப் பிரிந்து துளையை அடைத்திருந்தது. காலால் மிதிக்கும் வேகத்தில் ஆயில் தள்ளிக்கொண்டு போய்விடும், திரும்பும்போது கசிந்து கசிந்துதான் வரும். ஆறவிட்டதும் இளகியது அதனால்தான்.

முன்பக்கம் இரண்டு ஹோஸையும் புதிய செம்பு வாஷரோடு மாற்றினோம். கறுத்த பழைய ஆயிலை முழுக்க எடுத்து, காரின் பிரேக் ஆயில் டப்பா மூடியில் போட்டிருந்த டாட் 4 ரக ஆயிலை ஊற்றி, குழாய்களில் இருந்த காற்றை எடுத்தோம். ஓட்டிப் பார்த்து வந்தபோது இரண்டு முன்சக்கரமும் ஒரே சூட்டில் இருந்தன. கேலிபர் அதே பழையதுதான்.