ஆரணிப் பட்டு, 80 கட்டம் அகலம்

1995 கோடை. காட்பாடி காந்தி நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மொத்தம் எட்டு மெஷின், அதில் ஏழு கறுப்பு வெள்ளை. கலர் மானிட்டர் ஒன்றே ஒன்று. அதன் முன்னால் உட்கார முறை வைத்துக் காத்திருப்போம். பகல் முழுக்க கிளாஸ் நடக்கும், அதனால் என் முறை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வரும். வேலூர் வெயிலைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆறு மணிக்கும் மானிட்டரின் முதுகைத் தொட்டால் சுடும்.

அந்த வருஷம் ஆரணியில் இருந்து ஒரு பட்டுச் சேலைக் கடைக்காரர் வந்தார். பில் போடவும், நெசவாளிகளுக்குக் கொடுத்த பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்), சரிகைக் கணக்கு வைக்கவும் ஒரு புரோகிராம் வேண்டும் என்றார். ஆரணி அப்போதே திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் போய்விட்டது. 1989-இல் பிரித்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இன்றைக்கும் அது வடஆற்காடுதான். புரோகிராமை கிளிப்பர் என்ற புரோகிராம் மொழியில் எழுதுவது என்று முடிவாயிற்று. எல்லாம் பேசி முடித்து எழுந்தவர், வாசற்படியில் நின்று சொன்னார்:

"ஏம்மா, பொட்டிய போட்ட ஒடனே மொதல்ல ஆரணிப் பட்டுன்னு தமிழ்ல தெரியணும். இங்கிலீசு அப்பறமா வரட்டும்."

சரிங்க மொதலாளி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். மெஷினில் தமிழே கிடையாது.

அந்த மெஷின்களை ஓட்டிய டாஸின் திரை என்பது 80 பத்தி (நெடுக்கு வரிசை), 25 வரி. மொத்தம் 2,000 கட்டம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நினைவகத்தில் இரண்டு பைட். ஒன்றில் என்ன எழுத்து என்பது, இன்னொன்றில் என்ன கலர் என்பது. ஆக ஒரு முழுத் திரைக்கு 4,000 பைட். எழுத்துகள் 256 உண்டு. அதில் ஆங்கிலம் இருக்கிறது, ஐரோப்பிய எழுத்து கொஞ்சம் இருக்கிறது, கிரேக்கம்கூட சிலது இருக்கிறது. தமிழ் இல்லை. ஆனால் எழுத்தே இல்லாத எழுத்துகளும் அதில் சில உண்டு: கோடுகள், மூலைகள், கட்டங்கள். 219 என்றால் கட்டம் முழுக்க நிரம்பும். 220 கீழ்ப்பாதி மட்டும் நிரம்பும். 223 மேல்பாதி மட்டும்.

இந்த 220, 223 இரண்டையும் புரிந்துகொண்ட நாள்தான் எனக்கு வழி திறந்தது. ஒரு கட்டத்துக்கு முன்கலர் ஒன்று, பின்கலர் ஒன்று. மேல்பாதிக்கு மஞ்சள் முன்கலர், பின்கலர் சிவப்பு என்று கொடுத்தால் ஒரே கட்டத்தில் மேலே மஞ்சள், கீழே சிவப்பு. அதாவது 80-க்கு 25 என்பது 80-க்கு 50 ஆகிவிடுகிறது. 4,000 புள்ளி. தமிழ் எழுத்தை அச்சடிக்க முடியாது, ஆனால் வரையலாம்.

வரைவதற்கு எங்கள் சென்டர் சீனியர் அண்ணன் டர்போ சி-யில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி வைத்திருந்தார். அடி இரண்டு வரியில் 16 கலரும் வரிசையாக நிற்கும். மவுஸால் ஒரு கலரைத் தொட்டுவிட்டு மேலே போய் அழுத்தினால் அங்கே கட்டம் விழும். டேப் அழுத்தினால் கலர்ப்பட்டை அடியில் இருந்து மேலே ஏறிக்கொள்ளும், அப்போது அடி வரிகளிலும் வரையலாம். அதற்கு முன்னால் கீபோர்டில் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு கட்டமாகப் போய்க்கொண்டிருந்தேன். ஒரு வளைவு போட அரை மணி நேரம் ஆகும். மவுஸ் கையில் வந்ததும் வளைவு கையில் இருந்தே வந்தது. மணிக்கட்டைத் திருப்பினால் திரையில் திரும்புகிறது. அடியில் ரப்பர் உருண்டை வைத்த மவுஸ். வியர்வையும் தூசியும் சேர்ந்து உருண்டை சிக்கும், அதைக் கழற்றி ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து மாட்டுவேன். ஒரு சாயங்காலத்துக்கு இரண்டு முறையாவது துடைக்க வேண்டும்.

அந்தப் புரோகிராமில் என்னைக் கவர்ந்த ஒரு ஏற்பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். எழுத்துத் திரையில் மவுஸ் டிரைவர் இடத்தை எட்டு எட்டாகத்தான் சொல்லும். திரையை 640-க்கு 200 என்று வைத்துக்கொண்டு எண் கொடுக்கும், எட்டால் வகுத்தால் பத்தியும் வரியும் வரும். கட்டத்தின் மேல்பாதியில் நிற்கிறோமா, கீழ்ப்பாதியிலா என்று அதற்குத் தெரியாது. அண்ணன் அதற்கு ஒரு வழி செய்திருந்தார். இடது பொத்தான் மேல்பாதி, வலது பொத்தான் கீழ்ப்பாதி. இரண்டு விரலும் மாறி மாறி அழுத்தியபடி கையை இழுத்தால் சாய்கோடு விழும். ஒரு வாரத்தில் என் விரல்களுக்கு அது பழகிவிட்டது.

ஒரு கோளாறும் இருந்தது. வரைந்த புள்ளி, மவுஸை நகர்த்தினதும் மறைந்துவிடும். எல்லாப் புள்ளியும் இல்லை, அம்பு நின்ற இடத்துப் புள்ளி மட்டும். ஆன்சர் ஷீட் காணாமல் போனதுபோல் தேடினோம். காரணம் இதுதான்: எழுத்துத் திரையில் மவுஸ் அம்பு என்பது கலர் புரட்டிப்போட்ட ஒரு கட்டம். டிரைவர் அங்கே முன்னால் என்ன இருந்தது என்று தன்னிடம் எழுதி வைத்துக்கொண்டு கட்டத்தைப் புரட்டுகிறது. நகரும்போது எழுதி வைத்ததைத் திரும்ப வைத்துவிட்டுப் போகிறது. நடுவில் நாம் அந்தக் கட்டத்தில் வரைந்தது அதற்குத் தெரியாது. ஆகவே பழையதையே வைக்கிறது. அம்பை மறை, வரை, அம்பைக் காட்டு என்று மூன்று படியாக மாற்றியதும் சரியாயிற்று. டிரைவரிடம் 2 என்றால் மறை, 1 என்றால் காட்டு. இதைக் கண்டுபிடித்த ராத்திரி நானும் அண்ணனும் காட்பாடி ஸ்டேஷன் வாசலில் டீ குடித்தோம். அந்த டீயின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

இனி எழுத்து. ப-வுக்கு மூன்று கோடு. ட-வுக்கு இரண்டு கோடு. இந்த இரண்டும் கட்டம் போட்ட தாளுக்கென்றே பிறந்த எழுத்துகள், ஐந்து நிமிஷம். ர-வும் அப்படியே. கஷ்டம் கொடுத்தவை ஆ-வும் ணி-யும். ண-வுக்குச் சுழி மூன்று. சுழி என்றால் உள்ளே ஒரு புள்ளியாவது காலியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது கறை. சுற்றிலும் ஒரு புள்ளி, நடுவில் ஒரு புள்ளி இடைவெளி என்றால் ஒரு சுழிக்குக் குறைந்தது மூன்றுக்கு மூன்று. அப்படி மூன்று சுழியை ஒன்றோடு ஒன்று ஒட்டாமல், ஆனால் ஒரே கோட்டில் ஓடுவதுபோல் வைத்து, காலை இறக்கி, மேலே விசிறியையும் போட்டு முடித்தபோது ணி 15 பத்தி அகலம் வந்தது. நாலு சாயங்காலம் அதற்கே போனது. ஐந்து வயதில் சிலேட்டில் எழுதிய எழுத்து. அதன் உடம்பில் இத்தனை திருப்பம் இருப்பது எனக்கு அந்த நாலு நாளில்தான் தெரிந்தது.

வட்டத்திலும் ஒரு கணக்கு உண்டு. மானிட்டர் நாலுக்கு மூன்று. அகலத்தில் 80, உயரத்தில் 50 புள்ளி என்றால் ஒவ்வொரு புள்ளியும் சதுரமாக இருக்காது. அகலத்தைவிட உயரம் கொஞ்சம் அதிகம், ஐந்துக்கு ஆறு என்ற விகிதம். அதனால் பத்துக்குப் பத்து போட்டால் வட்டம் முட்டை மாதிரி நிற்கும். அகலம் ஆறு, உயரம் ஐந்து என்று வைத்தால்தான் கண்ணுக்கு உருண்டை. ஆ-வின் சுழியை இப்படி அகலப்படுத்தித்தான் சரிசெய்தேன்.

கலருக்கு வந்தால், 16-இல் நாலாம் நம்பர் சிவப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது. அது முழுச் சிவப்பு இல்லை. முழுச் சிவப்பை 255 என்று வைத்தால் இது 170. ஆரணிக் கடையில் விரித்துக் காட்டும் அரக்குச் சேலைக்கு அவ்வளவு பக்கத்தில் வேறு கலர் அந்தப் பெட்டியில் இல்லை. அரக்குப் பின்னணி, மஞ்சள் எழுத்து. கரைக்கு மட்டும் கிளிப்பச்சையும் மஞ்சளும் வைத்துக் கோபுரம் கோபுரமாக முக்கோணம் போட்டேன். மறுநாள் மெஷினைப் போட்டால் கரை முழுக்க அணைந்து அணைந்து எரிகிறது. பின்கலருக்கு எட்டு கலர்தான் அனுமதி. மீதி ஒரு பிட், சிமிட்டுவதற்கு. கிளிப்பச்சையைப் பின்கலராகக் கொடுத்தால் அது கரும்பச்சையாகி, மேலே இருக்கும் மஞ்சள் சிமிட்ட ஆரம்பிக்கும். அதை நிறுத்த கிளிப்பரிலேயே ஒரு வழி இருப்பதைப் பிறகு பார்த்தேன்.

மே மாதம் ஃப்ளாப்பியைப் பாலிதீன் கவரில் சுற்றி, ஜன்னலோரம் வெயில் படாத பக்கமாக உட்கார்ந்து, கணியம்பாடி, கண்ணமங்கலம் வழியாக ஆரணி போனேன். கடையில் எல்லாரும் சேலை மடிப்பதை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். கரை சிமிட்டுவதைப் பார்த்த மொதலாளி, "அம்மன் கோயில் சீரியல் லைட்டு மாரி கீதும்மா, அத்த மாத்தாத" என்றார். மாற்றவில்லை.

ஆனால் கணக்குப்பிள்ளை தாத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். முன்னால் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாராக இருந்தவர்.

"இன்னாம்மா, ஒற்று எங்க? ஆரணிக்கும் பட்டுக்கும் நடுவுல ப் வரணுமே."

"எடம் பத்தலீங்க தாத்தா."

"எடம் பத்தலன்னு இலக்கணத்த வுட முடியுமா கண்ணு?"

அவர் சொன்னது நியாயம். இடம் போதாமல் நானேதான் ஒற்றை விட்டிருந்தேன். மனசில் முள்ளாக இருந்தது. அவர் வாயால் கேட்டதும் விட முடியவில்லை. பஸ்ஸிலேயே கணக்குப் போட்டேன். ஆ 14, ர 5, ணி 15, ப் 7, ப 7, ட் 7, டு 9. மொத்தம் 64. எழுத்துக்கு நடுவில் இரண்டிரண்டு, சொல்லுக்கு நடுவில் நாலு, ஆக இடைவெளி 14. கூட்டினால் 78. திரை 80. பக்கத்துக்கு ஒரு பத்தி மிச்சம். இரண்டு பக்கமும் போட்டிருந்த கரைக்கு இடமில்லை.

பக்கக் கரையை எடுத்துவிட்டு, மேலும் கீழும் மட்டும் வைத்தேன். அடுத்த வாரம் கொண்டுபோய்க் காட்டியபோது மொதலாளி சொன்னார், "சேலைக்குக் கரை ரெண்டு பக்கந்தான? இப்பத்தான் சேலையாட்டம் கீது." தாத்தா ஒற்றின் புள்ளியைத் திரையிலேயே விரலால் தொட்டுப் பார்த்தார்.

எழுத்துக்கு அடியில் சேலையின் உடல் மாதிரி 177-ஆம் எழுத்தை நிரப்பியிருந்தேன். அது புள்ளி புள்ளியான நிழல். அதில் நான் போடாத ஒன்றும் தெரிந்தது: மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்பு இழைகள். விஜிஏ வகைத் திரையில் எழுத்தின் அகலம் எட்டுப் புள்ளி (நான் வரைந்த பாதிக் கட்டம் இல்லை, மானிட்டரின் சின்னப் புள்ளி), ஒன்பதாவதாக ஒரு புள்ளி இடைவெளி. 192 முதல் 223 வரை உள்ள எழுத்துகளுக்கு மட்டும் எட்டாவது புள்ளியையே ஒன்பதிலும் திரும்பப் போடும். என் 219, 220, 223 மூன்றும் இதற்குள் வருவதால் விரிசல் இல்லாமல் ஒட்டிக்கொண்டன. 177 வெளியே. அதனால் எட்டுப் புள்ளிக்கு ஒரு இழை. தறியில் உட்கார்ந்த அனுபவம் உள்ள ஒருவர், "பாவு தெரிதுபா" என்றார். தறியில் டிசைன் விழச் செய்யும் ஜக்கார்டு அட்டையைக் குத்துவதற்கு முன்னால் கிராப் தாளில் கட்டம் கட்டமாகக் கலர் நிரப்புகிறவர் அவர். என் ஃப்ளாப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே வேலை என்று அன்றைக்கு உணர்ந்தேன்.

வெளிநாட்டில் அந்த நாளிலேயே இதை ஒரு கலையாகச் செய்துகொண்டிருந்தார்கள் என்பது ரொம்பப் பின்னால் தெரிந்தது. போன் லைனில் மோடம் வழியாகக் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்கிற அறிவிப்புப் பலகைகளுக்காக, இயன் டேவிஸ் எழுதிய தி டிரா என்ற புரோகிராமில் திரை திரையாக வரைந்திருக்கிறார்கள். ஆன்சி ஆர்ட் என்று பெயர்.

போன மாதம் மோபியஸ் என்ற புரோகிராமை லேப்டாப்பில் போட்டேன். ஆண்டி ஹெர்பர்ட் எழுதியது, இலவசம். அதே 256 எழுத்து, அதே 16 கலர். இதில் பாதிக் கட்டத் தூரிகை என்று தனியாகவே இருக்கிறது. மவுஸ் மேல்பாதியில் நிற்கிறதா, கீழ்ப்பாதியிலா என்று அதுவே அறிந்துகொள்கிறது. என் வலது விரல் மட்டும் பழக்கத்தில் இன்னும் கீழ்ப்பாதிக்காக அழுத்தப் போகிறது. சிமிட்டலை நிறுத்தி 16 பின்கலரும் எடுத்துக்கொள்ள ஒரு தேர்வு. ஒன்பது புள்ளி அகலத்துக்கு ஒரு தேர்வு. அதைப் போட்டதும் 177-இல் பாவு இழை வந்து நின்றது. கொஞ்ச நேரம் கையை எடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பழைய கிராப் நோட்டில் இருந்து ஆரணிப் பட்டை அப்படியே ஏற்றினேன். நாலு சாயங்காலம் எடுத்த ணி, 20 நிமிஷத்தில் முடிந்தது. ஆனால் எழுத்தெல்லாம் பருத்துத் தெரிந்தன. இன்றைய திரையில் அந்தப் பாதிக் கட்டம் ஒன்பதுக்கு எட்டு. அகலம்தான் அதிகம். அன்றைக்கு உருண்டையாக்குவதற்காக அகலப்படுத்தியதெல்லாம் இப்போது சப்பையாக உட்காருகின்றன. ஆ-வையும் ணி-யையும் இரண்டு பத்தி குறுக்கினேன். பக்கக் கரைக்கு இடம் கிடைத்தது. வைக்கவில்லை.

இந்தப் புரோகிராமிலும் தமிழ்க் கீபோர்டை மாற்றித் தட்டினால் தமிழ் வராது. அந்த 256-இல் இன்னும் தமிழ் இல்லை. வரையத்தான் வேண்டும். இப்போது வேலூர் வரைந்துகொண்டிருக்கிறேன். வே-யின் இரட்டைக் கொம்பு ஆறு பத்தியில் அடங்கிவிட்டது. லூ-வின் வால் நேற்று ராத்திரி வரைக்கும் ர்-இன் மேலே போய் முட்டுகிறது.