ஒரே வரியில் எழுதிய தீர்மானத்தை எதிர்த்து

எங்கள் பகுதி சபைக்கு (வார்டுப் பகுதி மக்களின் குறைகளைப் பேசும் அமைப்பு) உறுப்பினராக்க வார்டு உறுப்பினர் கொடுத்த பட்டியலில் என் பெயரும் இருந்தது. மாநகராட்சி மன்றக் கூட்டத்தில் மற்றவர்களை ஏற்றுக்கொண்டு என்னை மட்டும் தள்ளிவிட்டார்கள். காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது தெரிந்தவர் ஒருவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

தம்புச் செட்டித் தெருவில், குறுகிய மாடிப்படி ஏறி ஒரு வழக்கறிஞரைப் பார்த்தேன். நான் கொட்டித் தீர்த்த உள்ளூர் அரசியலில் ஒரு சொல்லைக்கூட அவர் குறித்துக்கொள்ளவில்லை.

“தீர்மான நகல் வைத்திருக்கிறீர்களா சார்?”

“இல்லை.”

“அதைக் கொண்டுவாருங்கள். அதில்தான் வழக்கே இருக்கிறது.”

நேரில் கேட்டுக் கேட்டு இரண்டு வாரம் வீணானது. பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பித்தேன். கெடு 30 நாள். 29ஆம் நாள் உறை வந்தது. உள்ளே ஒரே தாள். என் பெயருக்கு நேரே, ‘விவாதத்துக்குப் பின் ஏற்கப்படவில்லை’. எனக்கு வயிறு எரிந்தது. வழக்கறிஞருக்கோ முகம் மலர்ந்தது. உத்தரவில் இல்லாத காரணத்தைப் பிறகு பதில் மனுவில் ஒட்டவைக்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1977இலேயே சொல்லிவிட்டதாம்.

இன்னொன்றையும் அன்றே சொல்லிவிட்டார்: “நீதிபதி உங்களை உறுப்பினராக்க மாட்டார். நியமிப்பது மன்றத்தின் வேலை. அதை முறையாகச் செய்தார்களா என்று மட்டும்தான் பார்ப்பார்.” அரை மனதோடு வக்காலத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. தமிழ்த் தீர்மானத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வைக்க நாங்கள் மறந்ததால் ஒருமுறை திரும்பி வந்தது. மூன்று சொல்லுக்கு மொழிபெயர்ப்பு! அதற்கும் ஒரு வாரம் போனது. பிறகு வாய்தா, வாய்தா.

எதிர்த்தரப்பின் பதில் மனுவில் நான் கூட்டங்களில் தகராறு செய்பவன் என்று நான்கு பக்கம் இருந்தது. (கால்வாய் தூர்வாராததைக் கேட்டால் தகராறுதான்.) நீதிபதி தீர்மானத் தாளைப் புரட்டினார், பின்பக்கமும் பார்த்தார், வெற்றுத்தாள். “இதெல்லாம் இதில் எங்கே இருக்கிறது?” அவ்வளவுதான் கேட்டார். தீர்மானம் ரத்து; எட்டு வாரத்துக்குள் காரணங்களோடு புதிதாக முடிவெடுக்க வேண்டும்.

ஏழாவது வாரம் கூட்டப் பொருள் பட்டியலில் என் பெயர் மறுபடி வந்தது. தலைப்பெழுத்தைத் தவறாக அச்சிட்டிருக்கிறார்கள். திருத்தக் கடிதம் கொடுத்து, இந்த முறை மறக்காமல் ஒப்புகை முத்திரை வாங்கிக்கொண்டேன்.