சேர்ந்து ஓடலாமா வேணாமா: ஒரு வடசென்னை டைரி

ஜூலை 25, 2021, ஞாயிறு

நேத்து இங்கிலாந்துல பார்க்ரன் திரும்ப ஆரம்பிச்சுட்டாங்களாம், காலைல எழுந்து போனைப் பார்த்தா, கொரோனாவுக்கு முன்னாடி சேர்ந்து ஓடிட்டு இருந்த நம்ம வாட்ஸ்அப் குரூப் பூரா அதே பேச்சுதான். தெரியாதவங்களுக்கு சொல்றேன், வாராவாரம் சனிக்கிழமை காலைல 5 கிலோமீட்டர், காசு கிடையாது, ஓடலாம் நடக்கலாம், நடத்துறது எல்லாம் வாலண்டியருங்க. 2004 அக்டோபர்ல லண்டன் புஷி பார்க்ல 13 பேர் ஓடி ஆரம்பிச்சது. கொரோனா வந்ததும் 2020 மார்ச்ல நிறுத்தினாங்க. நியூசிலாந்துல ஊருக்குள்ள வைரஸ் பரவலையே அடக்கிட்டதால அந்த வருஷம் ஜூலையிலயே திறந்துட்டாங்க, இங்கிலாந்துக்கு அதுக்கப்புறம் இன்னொரு வருஷம் ஆச்சு.

"அவங்களே ஆரம்பிச்சாச்சு, நாம எப்போ?"ன்னு ஹார்பர் அண்ணன் வாய்ஸ் மெசேஜ். கேள்வி நியாயம்தான், ஆனா கோபம் வந்துச்சு. போன வருஷம் மே மாசம் சென்னையிலயே அதிக கேஸ் எங்க ராயபுரம் மண்டலத்துல, தெருவுக்குத் தெரு தகரம் அடிச்சு மூடி வச்சிருந்தாங்க. இந்த மே மாசம் ஆக்சிஜன் பெட்டுக்கு அலைஞ்சதைப் பத்தி எழுதவே வேணாம். குரூப்ல ஒருத்தரு இறந்தே போயிட்டாரு. அதனால "எப்போ"ங்கிறதை விட்டுட்டு "எப்படி"ன்னு முதல்ல பேசலாம்னு டைப் பண்ணிட்டு போனை கவுத்து வச்சுட்டேன்.

ஆகஸ்ட் 1, ஞாயிறு

கூகுள் மீட்ல ஒரு மணி நேரம் பேசினோம், பாதி நேரம் "கேக்குதா கேக்குதா"லயே போச்சு.

நான் சொன்னது இதுதான். திறந்த வெளியில ஒருத்தர் நம்மளைத் தாண்டி ஓடிப் போற அந்த ரெண்டு செகண்டுல தொத்துறதுக்கு வாய்ப்பு ரொம்ப கம்மி. ஆபத்து ஓடுறதுல இல்ல, அதைச் சுத்தி நாம பண்றதுல இருக்கு. வார்ம்அப்னு வட்டமா நிக்கிறது, ஒரே கேன்ல தண்ணி குடிக்கிறது, முடிச்சதும் தோள்ல கை போட்டு செல்ஃபி, அப்புறம் டீக்கடையில முக்கால் மணி நேரம் மாஸ்க் இல்லாம கதை. எல்லாத்தையும் விட மோசம் வியாசர்பாடியில இருந்தும் கொருக்குப்பேட்டையில இருந்தும் ஷேர் ஆட்டோல முட்டிக்கு முட்டி இடிச்சுக்கிட்டு வர்றது.

வாத்தியார் மெதுவா கேட்டாரு, "அப்போ ஓட்டத்தை மட்டும் வச்சுக்கிட்டு மத்ததை எல்லாம் எடுத்துட்டா நாங்க ஏன் தம்பி வரணும், நான் வீட்டு மொட்டை மாடியிலயே சுத்திக்கிறேனே?" பதில் சொல்ல முடியல. நம்ம ஆளுங்க பாதி பேர் வர்றதே அந்த டீக்குத்தான்.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

இன்னிக்கு பெரிய சண்டை. ரெண்டு டோஸ் போட்ட சர்டிபிகேட் காட்டினாதான் அனுமதின்னு ஒரு ஐடி தம்பி சொன்னான். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா கோவிஷீல்டுக்கு இப்போ ரெண்டு டோஸுக்கும் நடுவுல 84 நாள் ஆகணும். 18 வயசுல இருந்து 44 வரைக்கும் இருக்கிறவங்களுக்கு நம்ம ஊர்ல மே 20க்கு மேலதான் போட ஆரம்பிச்சாங்க, அதுவும் ஸ்டாக் இல்லன்னு எத்தனை தடவை திருப்பி அனுப்பினாங்க. ஜூன் கடைசியில முதல் ஊசி போட்டவன் என்னதான் ஆசைப்பட்டாலும் செப்டம்பர் கடைசி வரைக்கும் ரெண்டாவது போட முடியாது. முன்னாடியே ஸ்லாட் புடிச்சது யாரு, கம்பெனியில வச்சு ஊசி போட்டது யாருக்கு? லோடு இறக்குற பசங்க வெளிய நிப்பாங்க, லேப்டாப் வச்சிருக்கிறவங்க ஓடுவாங்க, அப்படி ஒரு ஓட்டத்துக்கு நான் வரலைன்னு சொல்லிட்டேன்.

கடைசியில ஒரு டோஸாவது போட்டிருக்கணும், காய்ச்சல் சளி உடம்பு வலி இருந்தா வரக்கூடாது, வீட்ல யாருக்காவது இருந்தாலும் வரக்கூடாதுன்னு முடிவாச்சு. தம்பிக்கு இன்னும் மனசு ஆறல. அவன் சொல்றதும் தப்பில்ல, அவங்க அம்மாவுக்கு சுகர்.

ஆகஸ்ட் 24, செவ்வாய்

நேத்துல இருந்து பீச் எல்லாம் திறந்தாச்சு. மெரினா பெசன்ட் நகர் ஆளுங்களுக்கு கொண்டாட்டம். நமக்கு ஏது பீச்சு, காசிமேடு தாண்டினா கடலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல பாறாங்கல்லுதான்.

விடிகாலை அஞ்சு மணிக்கு நானும் ஹார்பர் அண்ணனும் பழைய ரூட்டை பைக்ல போய்ப் பார்த்தோம். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடுல கன்டெய்னர் லாரி வரிசை துறைமுகத்துக்கு உள்ள போறதுக்கு நிக்குது, டிரைவருங்க கேபின்ல தூங்குறாங்க, சில பேர் லாரிக்கு அடியிலயே பாய் போட்டுப் படுத்திருக்காங்க. ஓரமா ஓட இருக்கிற இடம் ரெண்டு ஆள் அகலம். நாம ஓடுறது போயிட்டு அதே வழியில திரும்பி வர்ற ரூட்டு, அதனால போறவனும் வர்றவனும் அந்த சந்துலதான் மூஞ்சிக்கு நேரா மூச்சு விட்டுக்கிட்டு தாண்டணும். ஆறடி இடைவெளி விடுறேன்னு ரோட்டுக்கு நடுவுல போனா கொரோனாவுக்கு முன்னாடி டிரெய்லர் வந்துரும். "இன்னாப்பா இது, நோய்க்கு பயந்து லாரில போய் வுழணுமா?"ன்னாரு அண்ணன்.

பார்க்ரன்காரங்க போட்ட விதிமுறை எல்லாம் படிச்சேன், நல்லா யோசிச்சு எழுதியிருக்காங்க, ஆனா அது பார்க் இருக்கிற ஊருக்கு. நம்ம ராபின்சன் பார்க்ல 1949ல திமுக தொடக்கக் கூட்டமே நடந்துச்சு, வரலாறு பெருசுதான், ஆனா அதுக்குள்ள 5 கிலோமீட்டர் சுத்துனா தலை சுத்திரும்.

அதனால ஒரு முடிவு: ஒரே பெரிய ஓட்டம் வேணாம், மூணா பிரிக்கலாம். பெரம்பூர் ஆளுங்க முரசொலி மாறன் பூங்கா பக்கம், திருவொற்றியூர் ஆளுங்க அவங்க ஏரியாவுல, நாங்க ராயபுரத்துல உள்தெருக்கள்ல. ஷேர் ஆட்டோ பிரச்சனையும் போச்சு. கூட்டம் சேர்க்க இப்போ அரசு அனுமதியும் இல்ல, அதனால பேனர் மைக் டீஷர்ட் எதுவும் கிடையாது, பத்து பத்து பேரா காலைல ஓடிட்டு வீட்டுக்குப் போறோம், அவ்ளோதான். குரூப்ல இதைப் போட்டதும் யாரும் கொஞ்ச நேரம் பதிலே போடல. அப்புறம் வாத்தியார் ஒரு தம்ஸ்அப்.

செப்டம்பர் 5, ஞாயிறு

ட்ரையல். கிளம்புற வரைக்கும் மாஸ்க், ஓடும்போது கழட்டி பாக்கெட்ல, முடிச்சதும் மறுபடி மாஸ்க். மூச்சு வாங்க ஓடுறப்போ மாஸ்க் போட வேணாம்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஆனா தெரு முனையில 200 ரூபா ஃபைன் புக்கோட நிக்கிறவங்களுக்கு அது தெரியணும்ல! ஒரு பையன் மாட்டிக்கிட்டான், "சார் ஓடிட்டு இருக்கேன் சார்"னு சொல்லியிருக்கான், "நின்னுட்டுதானேப்பா பேசுற"ன்னு பதில் வந்துச்சாம். இனிமே தாடைக்குக் கீழயாவது மாட்டிக்கிட்டு ஓடுங்கன்னு சொல்லிட்டேன், மருத்துவத்துக்காக இல்ல, 200 ரூபாய்க்காக.

செப்டம்பர் 12, ஞாயிறு

ஓட்டம் இல்ல. தமிழ்நாடு பூரா மெகா தடுப்பூசி முகாம், நம்ம ஆளுங்க வயசானவங்களை கூட்டிட்டுப் போக, வரிசையில சேர் போடன்னு போயிட்டாங்க. லோடு பசங்க ரெண்டு பேருக்கு ரெண்டாவது டோஸ் ஆச்சு, ஐடி தம்பிதான் கூட்டிட்டுப் போனான்.

செப்டம்பர் 19, ஞாயிறு

முதல் நிஜ ஓட்டம். மீன் வாங்க வர்ற கூட்டத்துக்கு முன்னாடி முடிக்கணும்னு அஞ்சே காலுக்கே முதல் செட்.

இன்னிக்கு மனசுல நின்னது ஹார்பர் அண்ணன்தான். ஏப்ரல்ல அவருக்கு வந்து போச்சு, அதுக்கப்புறம் ஓடவே இல்ல. முன்னாடி மாதிரியே 5 கிலோமீட்டர் அடிச்சிரலாம்னு நின்னாரு. கொரோனா வந்தவங்களுக்கு இதயத் தசையில வீக்கம் வரலாம், அறிகுறி எல்லாம் போனப்புறம் முதல்ல நடை, அப்புறம் நடையும் ஓட்டமும் கலந்துன்னு வாரக்கணக்குல ஏத்தணும்னுதான் டாக்டருங்க சொல்றாங்க. நெஞ்சு வலியோ படபடப்போ இருந்தா ஓட்டப் பேச்சே கிடையாது, நேரா டாக்டர். அண்ணன்கிட்ட அந்த 6 நிமிஷ நடை டெஸ்ட் பண்ணலாம்னேன். வீட்ல எல்லாரும் பண்ணோமே, விரல்ல ஆக்சிமீட்டர் மாட்டிப் பார்த்துட்டு ஆறு நிமிஷம் நடந்துட்டு திரும்பப் பார்க்கிறது. 98 இருந்தது 97, பரவாயில்ல. ஆனாலும் நடந்தாத்தான் சேர்த்துக்குவோம்னு கறாரா சொன்னேன். "சின்னப்பசங்க முன்னாடி மானத்தை வாங்குறியேப்பா"ன்னு திட்டிக்கிட்டே முழுசா நடந்தாரு. கடைசி ஆளா வந்தாரு, அவர் கூடவே நடக்க ரெண்டு பேர் போட்டி போட்டாங்க.

அக்டோபர் 12, செவ்வாய்

நேத்து பாஸ்டன் மாரத்தான். 1897ல இருந்து ஏப்ரல்ல நடக்கிறது, முதல் தடவையா அக்டோபர்ல. எல்லாரையும் ஒண்ணா நிக்க வச்சு துப்பாக்கி சுடாம, பஸ்ஸுல இருந்து இறங்க இறங்க ஓட விட்டுட்டாங்களாம், ரோலிங் ஸ்டார்ட். எனக்கு சிரிப்பு வந்துருச்சு. இட்லிக்கடை அக்கா முன்னாடியிருந்தே இதைத்தான் பண்றாங்க, மாவு வேலை முடிஞ்சு எப்போ வர்றாங்களோ அப்போ கிளம்புவாங்க, "லேட்டு லேட்டு"ன்னு நாங்கதான் கலாய்ச்சோம். அடுத்த வாரத்துல இருந்து எல்லாருக்கும் அதே முறை. அஞ்சே கால்ல இருந்து ஆறு வரைக்கும் எப்ப வேணா வா, உன் வாட்ச்சுல நீயே டைம் பாரு, குரூப்ல போடு.

டீ விஷயம் மட்டும் இன்னும் தீரல. வாத்தியார் ஒரு வழி கண்டுபிடிச்சாரு: அவங்கவங்க பிளாஸ்க், பார்க் வெளிய நடைபாதையில தள்ளித் தள்ளி உக்காந்துக்கிட்டு. கத்திக் கத்திப் பேச வேண்டியிருக்கு, பக்கத்து வீட்டுக்காரம்மா ஜன்னலைத் திறந்து "இன்னா சண்டை?"ன்னு கேட்டாங்க.

நவம்பர் 7, ஞாயிறு

ராத்திரி முழுக்க கொட்டித் தீர்த்துருச்சு, 2015க்கு அப்புறம் இப்படி பார்க்கல. பெரம்பூர் வியாசர்பாடி பக்கம் வீட்டுக்குள்ள தண்ணி. ஓட்டம் ரத்துன்னு சொல்லவே தேவைப்படல. பசங்க பால் பாக்கெட்டும் பிரெட்டும் கொண்டு போய்க் குடுத்தாங்க, முட்டி அளவு தண்ணியில மாஸ்க் எங்க இடைவெளி எங்க.

ஜனவரி 7, 2022, வெள்ளி

நேத்துல இருந்து இரவு ஊரடங்கு, நாளன்னிக்கு ஞாயிறு முழு ஊரடங்கு. ஒமைக்ரான். வீட்டுக்கு வீடு இருமல் சத்தம் கேக்குது. சனிக்கிழமைக்கு மாத்திரலாமான்னு ஐடி தம்பி கேட்டான், ஆகஸ்ட்ல சர்டிபிகேட் கேட்டவனேதான்! சட்டப்படி முடியுமா இல்லையாங்கிறது வேற, பத்து பேர்ல மூணு பேர் வீட்ல காய்ச்சல் இருக்கு, நம்ம ரூல்படியே அவங்க வரக்கூடாது, அப்போ யாருக்காக நடத்துறதுன்னு கேட்டேன். சரின்னுட்டான்.

ஹார்பர் அண்ணன் இப்போ நிறுத்தாம 4 கிலோமீட்டர் ஓடுறாரு. "பொங்கலுக்கு அப்புறம்னு குரூப்ல போட்டுரட்டுமா?"ன்னு போன் பண்ணாரு. தேதி மட்டும் போடாதீங்க அண்ணே, மத்ததெல்லாம் போடுங்கன்னேன்.