நிக்கோட்டினுக்கு ஒரு தனி ஃப்ரீசர்

டெக்சாஸில் எங்கள் வீட்டு கராஜில் பூட்டுப் போட்ட சின்ன ஃப்ரீசர் ஒன்று இருக்கிறது. வேப் திரவம் (இ-சிகரெட்டில் ஊற்றும் திரவம்) கலக்க நான் வாங்கும் நிக்கோட்டின் மட்டும்தான் அதில் இருக்கும். சாப்பாட்டுப் பொருள் எதையும் அதில் வைக்க விடமாட்டேன். மில்லிக்கு 100 மில்லிகிராம் அடர்த்தி என்றால், ஒரு டீஸ்பூனே குழந்தையின் உயிரைப் பறித்துவிடும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் ஓடியாடினால் இதை வாங்காமல் இருப்பதே நல்லது என்பேன். (இந்தியாவில் 2019 முதல் இ-சிகரெட்டுக்கே தடை. நான் சொல்வது அமெரிக்க நிலவரம்.)

வெளிச்சம், வெப்பம், காற்று மூன்றுமே நிக்கோட்டினைக் கெடுக்கும். ஆக்சிஜன் பட்டால் மஞ்சளாகும், அப்புறம் பழுப்பாகும், தொண்டையில் மிளகாகக் காறும். பிளாஸ்டிக் வழியே காற்று மெல்ல உள்ளே போகும் என்பதால், நான் பழுப்புக் கண்ணாடி பாட்டில்களுக்கு மாற்றிவிடுவேன். பெரிய பாட்டில் ஒன்றை அடிக்கடி திறப்பதைவிடச் சின்னவை பல இருப்பது நல்லது. கழுத்துவரை நிரப்பினால் உள்ளே காற்றுக்கு இடம் குறைவு. ஒவ்வொன்றிலும் அடர்த்தி, தேதி, ‘விஷம்’ என்ற எச்சரிக்கை மூன்றையும் எழுதி ஒட்டுவேன்.

நிக்கோட்டினைப் புரோப்பிலீன் கிளைக்கால் அல்லது கிளிசரின் என்ற திரவத்தில் கரைத்துத்தான் விற்பார்கள். மைனஸ் 18 டிகிரியில் புரோப்பிலீன் கிளைக்கால் உறையாது. கிளிசரின் கெட்டிப்படும், அவ்வளவுதான். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள், ஈரம் உள்ளே இறங்கிவிடும். அறைச் சூட்டுக்கு வந்தபின் நன்றாகக் குலுக்கிவிட்டுத் திறங்கள். நைட்ரைல் கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். தோலில் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். விஷ உதவி எண் 1-800-222-1222 ஃப்ரீசர் கதவிலேயே ஒட்டியிருக்கிறது.