மெடிகேர்: ப்ளான் கிடக்கட்டும், தேதியைச் சொல்லுங்கள்

போன வாரமும் ஒரு போன். "தம்பி, வர்ற ஜூனோட வேலைய விடுறேன், மெடிகேர்ல எந்தப் ப்ளான் நல்லது?" அமெரிக்காவில் நம்மோடு வந்து இறங்கிய கூட்டத்தில் மூத்தவர்கள் எல்லாம் இப்போது வரிசையாக 65-ஐத் தொடுகிறார்கள், அந்த வயதில் கிடைக்கும் அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடுதான் மெடிகேர். தெரிந்தவர்களுக்கு மட்டும் இந்தப் படிவ வேலையைக் கூட உட்கார்ந்து செய்து கொடுக்கிறேன். நான் ஏஜென்ட் இல்லை, காசும் வாங்குவதில்லை. எல்லாரும் ப்ளானில்தான் ஆரம்பிப்பார்கள், நான் பதிலுக்குக் கேட்பது இரண்டே கேள்வி: கம்பெனிக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது, அக்காவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, என்ன வயது.

தேதி ஏன் என்றால், ஒரு அண்ணனின் கதை. 67 வயது வரை வேலை பார்த்தார், பெரிய கம்பெனி, அதன் காப்பீடு இருந்ததால் பார்ட் பி (மெடிகேரில் டாக்டர் செலவுக்கான பகுதி) எடுக்காமல் இருந்தார். அதில் தப்பே இல்லை (20 பேருக்குக் குறைவான கம்பெனி என்றால்தான் 65-லேயே எடுத்துவிட வேண்டும், அங்கே மெடிகேர்தான் முதலில் பணம் கட்டும்). ஜூன் கடைசியில் ஓய்வு பெற்றபோது அலுவலகத்தில் கோப்ரா என்று ஒன்றை நீட்டினார்கள், கைக்காசு கட்டி அதே காப்பீட்டில் 18 மாதம் இருக்கலாம் என்று. பழகிய டாக்டர், பழகிய அட்டை, சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். வேலை முடிந்த பிறகு அபராதம் இல்லாமல் பார்ட் பி எடுக்க 8 மாதம்தான் அவகாசம், கோப்ராவில் இருப்பதால் அந்த 8 மாதம் நீளாது, இதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. கோப்ரா அடுத்த வருட டிசம்பரில் முடிந்தது. அதற்குமேல் ஜனவரி முதல் மார்ச் வரை நடக்கும் பொதுப் பதிவில்தான் சேர முடியும், ஜனவரியில் பதிந்தால் பிப்ரவரியில்தான் காப்பீடு ஆரம்பிக்கும். அந்த ஒரு மாதம் மனிதர் பனியில் கால் வைக்கவே பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்தார்.

முழுதாக ஒவ்வொரு 12 மாதத் தாமதத்துக்கும் 10 சதவீதம் அபராதம். 2025-ல் பார்ட் பி கட்டணம் மாதம் 185 டாலர், அவருக்கு அதன்மேல் 18.50. ஒரு தடவை கட்டினால் தீர்ந்துவிடும் அபராதம் இல்லை இது, பார்ட் பி இருக்கும்வரை கட்ட வேண்டும், கட்டணம் ஏறினால் இதுவும் ஏறும். இன்னொன்றை அவர் பிறகுதான் தெரிந்துகொண்டார்: ஓய்வுக்குப் பின் மெடிகேர் முதல், கோப்ரா இரண்டாவது. பார்ட் பி எடுக்காமல் விட்டிருந்தால், மெடிகேர் கொடுத்திருக்க வேண்டிய பங்கைக் கோப்ரா தர மறுக்கலாம். நல்லவேளை அந்த 18 மாதத்தில் அவருக்குச் சளி காய்ச்சலுக்கு மேல் எதுவும் வரவில்லை.

அதனால் 65 தாண்டி ஓய்வு பெறுபவர்கள், கடைசி நாள் கேக் வெட்டுவதற்கு முன்பே சிஎம்எஸ்-எல்564 என்ற படிவத்தைக் கம்பெனியிடம் கொடுத்து நிரப்பி வாங்கிவிடுங்கள். இதுவரை வேலை வழியாகக் காப்பீடு இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. வேலையை விட்ட பிறகு அந்த அலுவலகத்தில் ஒரு கையெழுத்து வாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

65-லேயே ஓய்வு என்றால் கணக்கு சுலபம். 65 ஆகும் பிறந்த மாதம், அதற்கு முன் மூன்று, பின் மூன்று, பதிய மொத்தம் 7 மாதம். முன் மூன்றிலேயே போட்டுவிடுங்கள். இதில் நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு வேடிக்கை உண்டு. பள்ளியில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்ட ஜூன் 1-தான் பலருக்குப் பாஸ்போர்ட்டிலும் பிறந்த நாள். அம்மா சொன்ன ஐப்பசி மாதம் இங்கே செல்லாது, காகிதத்தில் உள்ளதுதான். அதோடு 1-ஆம் தேதி பிறந்தவர்களுக்கு மெடிகேர் ஒரு மாதம் முன்னதாகவே ஆரம்பித்துவிடும், ஜூன் 1 என்றால் மே. 7 மாதக் கணக்கும் அப்படியே ஒரு மாதம் முன்னால் நகரும்.

இரண்டாவது கேள்வி, அக்காவின் வயது. கம்பெனிக் காப்பீட்டில் குடும்பமே ஒரு அட்டையில் இருந்து பழகிவிட்டோம், மெடிகேரில் அது கிடையாது, ஆளுக்கு ஆள் தனி. கணவருக்கு 65, அக்காவுக்கு 61 என்றால், அவர் ஓய்வு பெறும் அன்றைக்கு அக்கா நடுத்தெருவில். பெரும்பாலும் இதை யாரும் யோசித்தே வைத்திருப்பதில்லை. அக்காவுக்குக் கோப்ரா எடுக்கலாம் (65 ஆகாதவருக்கு அது பிரச்சினை இல்லை), அல்லது காப்பீடு போன நாளிலிருந்து 60 நாளுக்குள் மார்க்கெட்ப்ளேஸில் (தனிநபர் காப்பீடு வாங்கும் அரசுச் சந்தை) ஒன்று வாங்கலாம். சில வீடுகளில் இந்த ஒரு காரணத்துக்காகவே ஓய்வை ஒரு வருடம் தள்ளிப் போட்டிருக்கிறார்கள், அது கெட்ட முடிவு என்று நான் சொல்லமாட்டேன். ஹெச்4-ல் (கணவரின் வேலை விசாவை ஒட்டிய துணை விசா) வந்து வேலைக்கே போகாத அக்காக்கள் "நான் வரியே கட்டலையே, எனக்கு யார் தருவா" என்று கேட்பார்கள். கணவருக்கு 40 கிரெடிட், அதாவது சுமார் 10 வருட வேலை இருந்தால் போதும், 65-ல் அவர்களுக்கும் பொதுவாகப் பார்ட் ஏ (ஆஸ்பத்திரிச் செலவுக்கான பகுதி) இலவசம்தான்.

சரி, ப்ளான். அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேரில் பார்ட் பி செலவில் 20 சதவீதம் நம் தலையில், அதற்கு உச்சவரம்பே கிடையாது. அதை அடைக்கத்தான் தனியார் விற்கும் மெடிகேப் என்ற துணைக் காப்பீடு. அதற்கு ஜி, என் என்று எழுத்துப் பெயர்கள், மூன்று மாநிலங்கள் தவிர எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கு ஒரே பலன்தான், எந்தக் கம்பெனி விற்றாலும். விலைதான் மாறும். எனவே விளம்பரத்தில் சிரிக்கும் தாத்தாவைப் பார்த்து வாங்காதீர்கள். அசல் மெடிகேருக்குப் பதிலாகத் தனியார் கம்பெனி நடத்தும் அட்வான்டேஜ் ப்ளானில் மாதக் கட்டணம் குறைவு, பல், கண்ணாடி எல்லாம் கொஞ்சம் தருவார்கள், பதிலுக்கு அவர்கள் பட்டியலில் உள்ள டாக்டர், முன் அனுமதி என்று கட்டுப்பாடு. உடம்பு நன்றாக இருக்கும்வரை அது சொர்க்கம். பிரச்சினை அதிலிருந்து மெடிகேப்புக்குத் திரும்பி வருவதில். 65 தாண்டி பார்ட் பி தொடங்கியதிலிருந்து 6 மாதத்துக்குள் கேட்டால் மெடிகேப் கம்பெனி உங்கள் சர்க்கரை, இதயம் எதையும் காரணம் காட்டி மறுக்க முடியாது. அதன்பின் நியூயார்க் போன்ற சில மாநிலங்கள் தவிர மற்ற இடங்களில் மறுக்கலாம், விலையைக் கூட்டலாம். அட்வான்டேஜை அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை வருடா வருடம் மாற்றலாம், இந்த 6 மாதம் ஒரே தடவைதான். காசு இடம் கொடுத்தால் மெடிகேப்பில் ஆரம்பியுங்கள் என்பது என் கட்சி.

வருடத்தில் பாதி சென்னையில் இருக்கப் போகிறோம் என்பவர்கள் கவனிக்கவும், மெடிகேர் பொதுவாக அமெரிக்காவுக்கு வெளியே ஒரு ரூபாய் தராது. ப்ளான் ஜி-யில் வெளிநாட்டு அவசரச் சிகிச்சை உண்டு, ஆனால் பயணத்தின் முதல் 60 நாள் மட்டும், 250 டாலர் கழித்து 80 சதவீதம், வாழ்நாளுக்கு மொத்தம் 50,000 டாலர். ஆறு மாதம் ஊரில் இருப்பவருக்கு இது காணாது, அங்கே தனியாக ஒன்று பார்க்க வேண்டும்.

அப்புறம், இருவரும் நன்றாகச் சம்பாதித்தவர்களுக்கு, வருமானம் அதிகம் என்று மெடிகேரின் கூடுதல் கட்டணக் கடிதம் வரலாம், அது இரண்டு வருடத்துக்கு முந்தைய வரிக் கணக்கை வைத்துப் போடுவது. ஓய்வு பெற்று வருமானம் குறைந்துவிட்டது என்று எஸ்எஸ்ஏ-44 படிவம் கொடுத்தால் குறைக்கக் கேட்கலாம், பேசாமல் கட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

என்னை விட நன்றாகத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச ஆலோசனைத் திட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டாலும் என்னைக் கூப்பிட்டாலும், மாத்திரை டப்பாக்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பார்ட் டி எனும் மருந்துக் காப்பீட்டு ப்ளானை மருந்தின் பெயரும் அளவும் போட்டுத்தான் தேட முடியும், "காலையில போடுற அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் இணையதளத்துக்குப் புரியாது.