ஒளித்தொகுப்புக்குப் பிழை போட்ட தளம்

மட்டக்களப்பு வாவியின் மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகளுக்காக சா/த (க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை) விஞ்ஞானப் பயிற்சி இணையத்தளம் ஒன்றை நானும் இரண்டு நண்பர்களும் கல்லடியில் இருந்தபடி செய்யத் தொடங்கினோம். முதல் மாதம், தளம் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகவே பார்க்கும் சோதனை நிரல் என்று ஒன்றுமே எழுதவில்லை. கண்ணால் பார்த்துச் சரி என்றால் சரி.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் படிப்பிக்கும் டீச்சர் ஒருவர் ஒரு நாள் இரவு போன் எடுத்தார். "மனே, பிள்ளை ஒளித்தொகுப்பு என்றுதானே எழுதியிருக்கு, ஏன் பிழை போடுது?"

பிள்ளை எழுதிய சொல்லையும் தளத்தில் நாங்கள் வைத்திருந்த விடையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் குறிகளை எண்ணினேன். பிள்ளையின் விடையில் 13, எங்கள் விடையில் 14. பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாளை யூனிகோட்டுக்கு மாற்றியபோது 'தொ'வின் கொம்பும் அரவும் தனித்தனிக் குறிகளாக வந்துவிட்டன. பிள்ளையின் போன் அதை ஒரே குறியாக எழுதியிருந்தது. இதைச் சீராக்க யூனிகோட்டிலேயே என்எஃப்சி என்றொரு முறை உண்டு. ஒப்பிடும் முன் இரண்டையும் அதில் போட ஒரு வரி போதும். ஆனால் இந்த முறை திருத்துவதற்கு முன்பே சோதனையை எழுதினேன். பாடங்களில் இருந்து 200 சொற்களையும் அதில் சேர்த்தேன்.

அடுத்த கிழமை 'பௌதிக மாற்றம்' மாட்டியது. எங்கள் விடையில் கொம்புக்குப் பின்னால் இருந்தது 'ள' என்ற எழுத்தேதான். ஔகாரக் குறியின் பின்பாதி பார்வைக்கு அப்படி இருந்தாலும் வேறு குறி. என்எஃப்சி இதைத் தொடாது. "கொம்பும் ளவும் சேர்ந்து வாற இடமெல்லாம் மாத்திவிடு" என்றான் நண்பன். மாற்றினோம். சோதனை ஓடியதும் 'தெளிவு', 'வெள்ளம்' இரண்டும் சிதைந்து, பிழை என்று சிவப்பாக நின்றன. மட்டக்களப்பில் இருந்துகொண்டு வெள்ளத்தை மறந்திருக்கிறோம்!

கடைசியில், ளவுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வராத இடத்தில் மட்டும் மாற்றும்படி எழுதினோம். அதுவும் ஒப்பிடும்போது மட்டும்தான். பிள்ளை எழுதியதை எழுதியபடியே சேமிக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே நான் பிடிவாதமாக நின்றிருந்தேன். இடம் வீண் என்று அப்போது நண்பர்களுக்குக் கோபம்.

டீச்சருக்குச் சொன்னேன். "அப்ப பிள்ளை எடுத்த பழைய புள்ளியும் மாறுமா?" என்று கேட்டார். எல்லா விடைகளையும் அன்றிரவே திரும்பத் திருத்த விட்டோம்.